ஆங்கிலத் திறன் தேர்வும் நம் குழந்தைகளின் வாசிப்பும்

(திருவனந்தபுரத்தில் அங்கத்தினர் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆங்கிலத் திறன் தேர்வுக்கு வாசிப்பையும் சொல்வளத்தையும் எப்படிப் பழகுவது என்று பேசச் சொன்னார்கள். இது எல்லோருக்கும் வேண்டிய விஷயம்தான். மேற்படிப்புக்கோ உத்தியோகத்துக்கோ வெளிநாடு போகிறவர் இன்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. போவதற்கு முன் ஐயெல்ட்ஸ், டோஃபல், பி.டி.இ., நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் என்றால் ஓ.இ.டி. என்று ஏதாவது ஒரு தேர்வைத் தாண்டியாக வேண்டும். நம் ஊரில் கோச்சிங் சென்டர் பலகை இல்லாத தெருவே குறைவு. கேரள அரசின் ஒடெபெக் நிறுவனமும், நோர்க்கா ரூட்ஸும்கூட இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன.

இவற்றில் அதிகம் பேர் எழுதுவது ஐயெல்ட்ஸ். 1989 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. 9 வரை மதிப்பெண். அரை அரையாக ஏறும். இதற்கு 'பேண்ட்' என்று பெயர். சாதாரணமாக இரண்டு வருஷத்துக்குத்தான் இந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்வார்கள்.

நான் பார்த்த வரையில் நம் குழந்தைகளைப் பெரும்பாலும் கைவிடுவது வாசிப்புப் பகுதி. பெற்றோருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். "எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியம், வீட்டிலேயே பாதி நேரம் இங்கிலீஷ்தான், இவளுக்கு எப்படி ரீடிங்கில் குறையும்?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பி.டெக். முடித்தவள், பேச்சில் 7.5 வாங்கினாள், வாசிப்பில் 6. அவள் சேர நினைத்த படிப்புக்கு எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. அரை பேண்டில் ஒரு வருஷம் போயிற்று. வீட்டில் எல்லோரும் துரதிர்ஷ்டம் என்றார்கள். விஷயம் அதுவல்ல. அவள் நன்றாகப் பேசுவாள். பாடப் புத்தகத்துக்கு வெளியே முழுசாக ஒரு கட்டுரை படித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

நர்சுகள் விஷயத்திலும் இதே கதைதான். பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் நான்கு பகுதியிலும் 7 கேட்டுக்கொண்டிருந்தது. 2018 டிசம்பரில் எழுத்துப் பகுதிக்கு மட்டும் அதை 6.5 ஆகக் குறைத்தது. வாசிப்புக்கு 7 அப்படியே இருக்கிறது. மருந்துச் சீட்டையும் நோயாளியின் குறிப்பையும் பிழையில்லாமல் படிக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

இனி வாசிப்புப் பகுதியின் கணக்கைப் பார்ப்போம். மேற்படிப்புக்கான தேர்வில் மூன்று பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிஷம். மூன்றையும் சேர்த்தால் 2,150 முதல் 2,750 வார்த்தைகள் வரை இருக்கும். சுமாராகச் சொன்னால், 40-க்கு 23 சரியானால் 6 பேண்ட், 30 சரியானால் 7. ஆக, ஒரு பேண்டுக்கு நடுவில் இருப்பது ஏழு கேள்விகள்தான். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ஆகையால் எதையும் வெற்றாக விடக் கூடாது.

நிமிஷத்துக்கு 200 வார்த்தை படிக்கிறவருக்கு முழுவதையும் ஒரு தடவை படிக்க 14 நிமிஷத்துக்குள்தான் ஆகும். மீதி 46 நிமிஷம் கேள்விகளுக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் "டைம் போதவில்லை" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நேரம் எங்கே போகிறது? ஒரு வாக்கியத்தைப் படித்து, மனசுக்குள் தமிழிலோ மலையாளத்திலோ மாற்றி, தெரியாத வார்த்தையில் தடுக்கி நின்று, மறுபடி முதலிலிருந்து படிப்பதில் போகிறது. பழக்கம் இல்லாத குறைதான் நேரக் குறையாகத் தெரிகிறது.

அடுத்து சொல்வளம். இதில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. 1980-களிலும் 90-களிலும் ஜி.ஆர்.இ. எழுதி அமெரிக்கா போன தலைமுறை இங்கே இருக்கிறது. பாரன்ஸ் புத்தகத்தின் வார்த்தைப் பட்டியலை ரயிலில் போகும்போதும் வரும்போதும் உருப்போட்டவர்கள் நீங்கள். அது அந்தக் காலத்துத் தேர்வுக்குச் சரி. எதிர்ச்சொல், இணைச்சொல் என்று தனி வார்த்தையாகவே கேட்டார்கள். அந்தக் கேள்விகளை 2011-ல் ஜி.ஆர்.இ.யே எடுத்துவிட்டது. ஐயெல்ட்ஸிலோ தனி வார்த்தைக்கு அர்த்தம் கேட்பதே இல்லை. கட்டுரையில் ஒரு விதமாகச் சொன்னதைக் கேள்வியில் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பழைய பட்டியலை எடுத்துக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எந்த வார்த்தைகள்? இதற்கு நல்ல ஆராய்ச்சி உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். நம் நாட்டு மாணவனுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது படிக்கும் திறமை என்று வங்காளத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னவர். 1953-ல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். அதற்கு மேல் படிப்பு சம்பந்தமான எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தில் அவரில் காக்ஸ்ஹெட் என்ற பேராசிரியை 2000-ல் தொகுத்தார். படிப்புக் கட்டுரைகளில் பத்துக்கு ஒரு வார்த்தை இந்த 570-லிருந்துதான் வருகிறது. சொற்குடும்பம் என்றால், 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனாலிட்டிகல்' எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று தெரிந்தால் மற்றவை கூடவே வரும்.

நாளுக்கு ஐந்து குடும்பம் வீதம் எடுத்தால் 570-ஐ 114 நாளில் முடிக்கலாம். நான்கு மாசத்துக்கும் குறைவு. இது எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய காரியம். யாருடைய துணையும் இல்லாமல் எதையும் சரளமாகப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற அறிஞர் 2006-ல் கணக்கிட்டார். 4,000 தெரிந்தவன் நாளுக்குப் பத்தாகச் சேர்த்தாலும் 400 நாள் ஆகும். ஆகவே மூன்று வாரத்தில் எல்லாம் ஆகிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால், தேர்வின் அமைப்பை மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், மொழியை அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். பரீட்சைக்கு ஒரு வருஷம் முன்பே வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் வார்த்தைகளில்தான் நம் குழந்தைகள் விழுகிறார்கள். 'டௌட்' என்றால் நமக்குக் கேள்வி. "சார், ஒரு டௌட்" என்போம். கட்டுரையில் அந்த வார்த்தை வந்தால் நம்பிக்கையின்மை என்று அர்த்தம். 'ரிசர்வேஷன்' என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்டும் இடஒதுக்கீடும் நினைவுக்கு வரும். "விஞ்ஞானிகளுக்கு ரிசர்வேஷன்ஸ் இருந்தன" என்றால் தயக்கம் இருந்தது என்று பொருள். 'எ ஃப்யூ' என்றால் சில உண்டு; அந்த 'எ' இல்லாமல் வெறும் 'ஃப்யூ' என்றால் அநேகமாக இல்லை. 'ஹார்ட்லி' என்பதற்கும் கஷ்டப்பட்டு உழைப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தச் சின்ன வார்த்தைகள் ஒரு வாக்கியத்தின் அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிடும்.

வாசிப்புப் பகுதியில் பலரும் பயப்படும் ஒரு கேள்வி வகை உண்டு. ஒரு வாக்கியம் கொடுத்து, அது 'சரி'யா, 'தவறா', அல்லது கட்டுரையில் 'சொல்லப்படவில்லை'யா என்று கேட்பார்கள். இப்போது ஒரு சின்னப் பரீட்சை. நம் பாளையத்து நூலகத்தைப் பற்றி இரண்டு வரி சொல்கிறேன்: "திருவனந்தபுரம் பொது நூலகம் 1829-ல் தொடங்கப்பட்டது. அதன் பழைய கட்டடம் விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக 1900-ல் கட்டப்பட்டது."

முதல் கேள்வி: நூலகம் தொடங்கிய நாள் முதல் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. தவறு; 71 வருஷ வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது: அந்த நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. இங்கே பலரும் "சரி" என்று தலையாட்டுகிறீர்கள். அங்கே தமிழ்ப் புத்தகம் எடுத்துப் படித்தவர்கள் நீங்கள். ஆனால் நான் சொன்ன இரண்டு வரியில் அது இருந்ததா? இல்லை. ஆகவே விடை, 'சொல்லப்படவில்லை'. கெட்டிக்காரக் குழந்தைகள் இந்த இடத்தில்தான் மார்க்கை விடுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததைக் கட்டுரைக்குள் கொண்டுபோய்ப் படிக்கிறார்கள். எழுதியவர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொள்வது ஒரு பயிற்சி. அது பரீட்சை முடிந்த பிறகும், ஆபீசிலும் வீட்டிலும்கூடப் பிரயோஜனப்படும்.

இனி தினசரி என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன்.

காலையில் அரை மணி, பென்சில் இல்லாமல், அகராதி இல்லாமல், பிடித்த விஷயத்தைப் படியுங்கள். கிரிக்கெட், சமையல், விண்வெளி, எதுவானாலும் சரி. பத்திரிகைத் தலையங்கம் மட்டும் போதாது. தேர்வில் வருவது தேனீ, பழைய நகரங்கள், கண்ணாடி செய்த வரலாறு போன்ற விஷயங்கள். அதற்கு விஞ்ஞானக் கட்டுரைகளும் சரித்திரமும் படிக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், ஒரு கட்டுரையைக் கடிகாரம் வைத்து 20 நிமிஷத்தில் கேள்விகளோடு முடியுங்கள். பிறகு விடையைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு விடைக்கும் கட்டுரையில் ஆதாரமான வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாத விடை, தற்செயலாகச் சரியாக இருந்தாலும், தெரியாத விடைதான். எத்தனை மாதிரித் தேர்வு எழுதினோம் என்பதைவிட, தப்பான விடையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்பது முக்கியம்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். புது வார்த்தையைத் தனியாக எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தோடு, அதன் குடும்பத்தோடு, அதோடு சேர்ந்து வரும் துணைச் சொல்லோடு எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாசம் என்று இடைவெளி விட்டுத் திரும்பிப் பாருங்கள். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் 1885-லேயே எழுதினார். நம் வீட்டுப் பாட்டிகள் வாய்ப்பாட்டைத் தினம் சாயங்காலம் ஒப்பிக்கச் சொன்னது எதற்காக? அதே காரணம்தான்.

கடைசியாக ஒன்று. இந்த ஊரில் 1964 முதல் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம் இருந்தது. 2008-ல் மூடிவிட்டார்கள். அதன் மெம்பர்ஷிப் கார்டைப் பெருமையோடு பர்ஸில் வைத்திருந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆங்கிலத்தை அப்படிச் சும்மா உட்கார்ந்து, யாரும் மார்க் போடாமல் படித்துத்தான் உங்கள் தலைமுறை கற்றது. அந்த நூலகம் போய்விட்டது. பாளையத்து நூலகம் அங்கேயேதான் இருக்கிறது. கோச்சிங்குக்குப் பல ஆயிரம் கட்டும் நாம், குழந்தையை அங்கே ஒரு மெம்பராக்க யோசிக்கிறோம்.

இதழில் இதைப் படிக்கும் பாலக்காடு, கோவை, சென்னை, மும்பை, பெங்களூர் அங்கத்தினர்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் ஊரிலும் ஒரு நூலகம் இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், ஏஜீஸ் ஆபீஸ்காரர்கள் நம்மில் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையைச் சேர்ந்து படியுங்கள். பாடம் நடத்த வேண்டாம். "இது எந்த வரியில் இருக்கிறது, காட்டு" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய குழந்தைக்குப் பரீட்சை ஹாலில் அதைக் கேட்க வேறு யாரும் வேண்டாம், தானே கேட்டுக்கொள்ளும்.

 நமஸ்காரம்.