நம் வீட்டுக் குப்பையும் பிறர் கையும்

(ஜமாஅத் மண்டபத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று குப்பையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணும் மார்க்கம் நம்முடையது. அந்த இடையூறை நாமே கொண்டுபோய்ப் பாதையில் போடுகிறோமே என்பதுதான் இன்றைய பேச்சு.

சென்ற ரமளானுக்கு முந்திய வாரம், நம் தெருவுக்குக் குப்பை வண்டியுடன் வரும் தூய்மைப் பணியாளரான அம்மையார் ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் விரலைப் பிடித்தவாறு நின்றிருந்தார். நாம் விசாரித்தபோது, பையைப் பிரித்துப் பார்க்கையில் ஊசி குத்திவிட்டது என்றார். சோற்றுக்கும் மீன்முள்ளுக்கும் இடையே இன்சுலின் ஊசி மூடியின்றிக் கிடந்தது. அது யார் வீட்டுப் பை என்று அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. நம் மஹல்லாவில் சர்க்கரை நோய்க்கு ஊசி போடாத வீடுகளை எண்ணுவதுதான் எளிது. எனவே அது நம் எல்லோர் வீட்டுப் பையுமே என்று கொள்வோம்.

ஒரு சிறு ஊசிக்கு இவ்வளவு பேச்சா என்று எண்ண வேண்டாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உடலை விட்டு வெளியேறிய பின்னரும், உலர்ந்த இரத்தத்தில் 7 நாட்கள் வரை உயிரோடு இருக்க வல்லது. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களை அக்கிருமியுள்ள ஊசி குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை நோய்த்தொற்றுக்கு ஆளாகக் கூடும் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எய்ட்ஸ் கிருமியாயின் 1000க்கு 3 என்ற அளவே. ஆயினும் குத்தப்பட்டவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தருவதில்லை. தம்மைக் குத்தியது யாருடைய ஊசி, அவருக்கு என்ன நோய் என்று அறியாமலே அவர் மாதக் கணக்கில் இரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டும்.

அவ்வாறு எவருக்கேனும் நேர்ந்தால், விரலைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு. அதிலும் எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

நாம் செய்ய வேண்டியதோ மிக எளிது. துணி துவைக்கும் திரவம் வரும் தடித்த பிளாஸ்டிக் டப்பா காலியானதும் அதை எடுத்து வையுங்கள். ஊசி போட்ட கையோடு அதனுள் போடுங்கள். மூடியைத் திரும்ப ஊசியில் மாட்ட முயலாதீர்கள். பலருக்கும் குத்துவது அப்போதுதான். சர்க்கரை பார்க்கும் குத்தூசியும் அதற்குள்ளேயே போகட்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று எழுதித் தனியே கையில் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அதைத் துளைத்துக்கொண்டு ஊசி வெளியே வரும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஊசி, காலாவதியான மருந்து, பேட்டரி, டியூப் லைட் ஆகியவற்றை வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு எனத் தனியே பிரித்துவிட்டன. குழந்தைகளின் டயாபரில் உள்ள மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றித் தர வேண்டும். பெண்களின் நாப்கினையும் அவ்வாறே சுற்றித் தனியே தர வேண்டும். இதைச் சொல்ல நாம் கூசவில்லை. கையுறையின்றி அதைப் பிரிப்பவரும் ஒரு பெண்ணே.

அடுத்து, எரிப்பது. ஃபஜ்ருக்கு நாம் வரும்போதே சில வாசல்களில் புகை எழுகிறது. சருகோடு பால் கவரும் பிவிசி குழாய்த் துண்டும் சேர்ந்து எரிகின்றன. குறைந்த சூட்டில் பிவிசி எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அதன் கொடிய வகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 1997இலேயே உறுதி செய்தது. அந்தப் புகை நம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்து வீட்டில் இழுப்பு நோயால் அவதியுறும் பிள்ளை இருக்கலாம்.

எரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா எனில், அதுவும் இல்லை. சோறும் இறைச்சிக் கழிவும் பிளாஸ்டிக்கோடு புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பை மேடு பற்றிக்கொண்டு பல நாள் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் மூண்ட தீ அணையப் பத்து நாட்களுக்கு மேலாயிற்று. அந்நகர மக்கள் முகக்கவசத்தோடு நடமாடினர். நம் நிக்காஹ் விருந்துகளில் பிரியாணி மிச்சமும், 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை செய்த பிளாஸ்டிக் பூச்சுத் தட்டும் குவளையும் ஒரே சாக்கில் கட்டப்படுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நிக்காஹ் ஓதிவிட்டு அதே பந்தியில் அமர்ந்த நமக்கும் இதில் பங்குண்டு.

வீட்டுக்குள்ளும் கவனம் தேவை. குப்பைத் தொட்டியைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிடை ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சை அடைக்கும் குளோரின் வாயு எழும். டியூப் லைட் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், சன்னல்களைத் திறந்துவிட்டு, தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளுங்கள். அதனுள் பாதரசம் உண்டு. கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். அதில் தேங்கும் நீரில் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும் என்பதை மழைக்காலம்தோறும் கேட்டுச் சலித்திருப்பீர்கள்.

ஊசி டப்பாக்களைத் தனியே பெற்றுக்கொள்ள நகராட்சி சுகாதார ஆய்வாளர் இசைந்திருப்பதாக நம் முத்தவல்லி அவர்கள் தெரிவித்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, வண்டி வரும்போது வீட்டார் தம் கையாலேயே கொடுக்க வேண்டும். திண்ணையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், பிள்ளைகள் எடுத்து விளையாடுவர்.

அந்த அம்மையாருக்கு முதல் பரிசோதனையில் குறை ஏதும் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஹெபடைட்டிஸ் தடுப்பூசியில் இரண்டு தவணை முடிந்தது. மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். அன்று அவர் இழக்கும் ஒருநாள் கூலியையும் ஆட்டோ செலவையும் ஜமாஅத் ஏற்பதென நிர்வாகக் குழுவில் முடிவாகியுள்ளது.