இளையோரை இளையோரே விசாரிக்கலாமா?

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் திருப்பதி ரயில் நிலையத்தில் பயணி ஒருவரின் பையைத் திருடும்போது பிடிபடுகிறான் எனக் கொள்க. அவனது தவற்றை ஆராய்ந்து பரிகாரம் கூறத் தக்கவர் யார்? நடுவரா, அவனையொத்த வயதுடைய பிள்ளைகளா? இக்கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் செய்முறையிலேயே சோதிக்கப்பட்டு வந்த கேள்வி இது.

சித்தூர், திருப்பதிப் பகுதிக்குச் சிறார் சட்டம் புதியதன்று. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, இந்தியாவிலேயே முதலாவதான 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டம் இப்பகுதிக்கும் உரியதாயிற்று. பின்னர் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் மத்திய சட்டங்கள் வந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மாவட்டந்தோறும் சிறார் நீதி வாரியம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர் என மூவர் கொண்டது அவ்வாரியம். சமூகப் பணியாளருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். இளையோருக்கு அதில் இடமில்லை.

இளையோரே நீதி வழங்கும் முறைக்கு இரு வேறு மரபுகள் உண்டு. ஒன்று இல்லங்களுக்குள் வளர்ந்தது. 1895இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபிரீவில் என்னுமிடத்தில் வில்லியம் ஜார்ஜ் நிறுவிய ‘ஜூனியர் குடியரசு’ இதற்கு முன்னோடி. இதனினும் ஆழமானது, வார்சாவின் யூத அனாதை இல்லத்தில் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய பிள்ளைகள் நீதிமன்றம். அவ்வில்லம் 1912இல் தொடங்கியது. நீதிபதிகளாகிய பிள்ளைகள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சட்டத் தொகுப்பின் தொடக்க விதிகள் யாவும் மன்னிப்பையே கூறின. ஆசிரியர் மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக் தாமே தம்மைப் பலமுறை அம்மன்றத்தின் முன் நிறுத்திக்கொண்டார்.

மற்றது, 1990களில் அமெரிக்காவில் பெருகிய ‘டீன் கோர்ட்’ முறை. முதன்முறை சிறு குற்றம் புரிந்தவர்களே பெரும்பாலும் அங்கு அனுப்பப்படுவர். குற்றத்தை முன்னரே ஒப்புக்கொள்ளுதல் பொதுவான நிபந்தனை. சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், பிறிதொரு வழக்கில் நடுவர் குழுவில் அமர்தல் போன்றவையே அங்கு வழங்கப்படும் பரிகாரங்கள்.

இதன் பயன் யாது? 2002இல் நகர்ப்புற ஆய்வு நிறுவனம் நான்கு மாநிலங்களின் நிலையை வெளியிட்டது. ஆறு மாதங்களுக்குள் மீண்டும் குற்றத்தில் சிக்கியோர் அலாஸ்காவில் 6 விழுக்காடு. வழக்கமான முறையில் நடத்தப்பட்டோரிடையே 23 விழுக்காடு. மிசௌரியில் இவை 9, 28. அரிசோனாவில் 9, 15. மேரிலாந்திலோ நிலை தலைகீழ்: 8, 4. அங்கு ஒப்பிடப்பட்ட பிள்ளைகளுக்குக் காவல்துறையே அக்கறையுடன் மாற்றுத் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. எனவே, பயன் விளைத்தது இளையோரின் தீர்ப்பா, அல்லது யாரோ ஒருவர் விரைந்து அக்கறை காட்டியதா என்ற ஐயம் எழுதல் இயல்பே. மேரிலாந்தில் நிகழ்ந்து 2008இல் வெளியான சோதனை ஆய்வில், குலுக்கல் முறையில் டீன் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டோர், வழக்கமான முறையில் நடத்தப்பட்டோரைவிடக் கூடுதலான தவறுகள் புரிந்ததாகத் தாமே கூறினர். இம்முறையைப் போற்றுவோர் இந்த ஆய்வை அதிகம் பேசுவதில்லை.

இந்தியச் சட்டத்தில் இம்முறையை அவ்வாறே புகுத்துதல் எளிதன்று. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஊர்ப் பிள்ளைகள் கூடி விசாரித்தால் அம்மறைவு நிலைக்குமா? சிறார் தம் உரிமை எதனையும் விட்டுக்கொடுக்க இயலாது என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள் எனும் நிபந்தனை அதனோடு பொருந்தாது.

இன்னொரு தடை சட்டநூலில் இல்லாதது. ஒத்த வயதினர் அனைவரும் ஒத்த நிலையினர் அல்லர். ரயில் நிலையத்தில் காலிப் புட்டி பொறுக்கும் சிறுவனுக்கு, சீருடையணிந்து வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் எவ்வாறு சமமானவர் ஆவர்? சாதியும் வசதியும் அங்கேயும் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ளும்.

ஆயினும் முற்றிலும் வழி அடைந்துவிடவில்லை. ஆலோசனை, குழு அறிவுரை, சமூக சேவை ஆகியவற்றுக்கு வாரியம் ஆணையிடலாம். தீர்ப்பை வாரியத்திடமே விட்டு, சேவையை நிறைவேற்றும் கட்டத்தில் பயிற்சி பெற்ற இளையோர் துணை நிற்கலாம். அது சட்டத்திற்கு முரணன்று. இல்லங்களைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 வயதுப் பிரிவுகளுக்குப் பிள்ளைகள் மட்டுமே அடங்கிய குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. உண்மையில் ஒத்த நிலையினர் கூடுமிடம் இதுவே.

இக்குழுக்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் தருதல் ஆபத்து. மூத்த பையன்களின் கைத்தடியாக அது மாறிவிடும். பூசல்களைத் தீர்க்கவும், உணவு, நீர், பணியாளர் நடத்தை பற்றி முறையிடவும் உரிமை தருதல் வேறு. பணியாளர் மீது முறையிட இயலாத குழு, பெயரளவில்தான் பிள்ளைகளுடையது. வாரியம் மாதம் ஒருமுறையேனும் இல்லங்களைப் பார்வையிட வேண்டும் என்பது சட்டம். அப்போது இக்குழுவின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அதில் கண்ட முறையீடுகளுக்கு என்ன செய்யப்பட்டது என்பதைக் கண்காணிப்பாளரிடம் அன்றி, முதலில் பிள்ளைகளிடம் தனியே வினவுதல் தகும்.