வீடு வாங்கிய கதை
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நீ வீடு வாங்கின கதையைச் சொல்லுன்னு மைக்கைக் கையில கொடுத்துட்டாங்க. முதல்ல ஏமாந்த கதையைச் சொல்லிடறேன்.

2016-ல வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் ஒரு மனை பார்த்தோம். கல் நட்டு, கலர் கொடி கட்டி, பந்தல் போட்டு கேசரி கொடுத்தாங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கும்மா"ன்னார் புரோக்கர். குழுக்கடன்ல வாங்கின 20,000 ரூபாயை அட்வான்ஸா கொடுத்தேன். அந்த செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டுச்சு. அப்பத்தான் எனக்கு டிடிசிபின்னு ஒரு வார்த்தையே தெரியும். நகர் ஊரமைப்புத் துறை அனுமதி இல்லாம பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவு செல்லாதாம். 8,000 ரூபாய்தான் திரும்ப வந்துச்சு. கேசரி சாப்பிட்டதுக்கு 12,000 ரூபாய்.

அதுக்கப்புறம் எட்டு வருஷம் வீட்டுப் பேச்சே எடுக்கல. 2025-ல கட்டின வீடு ஒண்ணு விலைக்கு வந்துச்சு. ஒன்றரை சென்ட், 9 லட்சம். பேகம்பூர்ல தோல் ஷாப் பக்கம் வாடகைக்கு இருந்தவ நான், தண்ணி அருமை தெரியும். போனதும் மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு டம்ளர் குடிச்சுப் பார்த்தேன். உப்பு இல்ல. மனசு அங்கேயே விழுந்துருச்சு.

இந்தத் தடவை பேப்பரை விடல. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டேன், சுத்தமா இருந்துச்சு. மூலப்பத்திரம் அசலையே கையில வாங்கிப் பார்த்தேன். ஜெராக்ஸ் மட்டும் காட்டினா நம்பாதீங்க, அசல் எங்கயாவது அடமானத்துல இருக்கலாம், அது வில்லங்கத்துல வராமலும் போகலாம். ஆனா பத்திரமும் பட்டாவும் செத்துப்போன அப்பா பேருல இருந்துச்சு. "நான் ஒரே பையன்"னார் விக்கிறவர். அது பொய்யில்ல. பக்கத்து வீட்டு அக்காதான் மெதுவா, "பொண்ணுங்க ரெண்டு பேரு. மூத்தவளை ஒட்டன்சத்திரத்துல கட்டிக்கொடுத்திருக்கு"ன்னாங்க. வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். அதுல மூணு பேர்.

"பொண்ணுங்களுக்கு சீர் செஞ்சாச்சு"ன்னார் புரோக்கர். என் வீட்டுக்காரரும், "அவங்க குடும்ப விஷயம் நமக்கெதுக்கு"ன்னார். எனக்கும் ஆசைதான். ஒரு வாரம் தூக்கமில்ல. அப்பா சுயமா வாங்கின சொத்து, உயில் எழுதாம போயிட்டார். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. சீர் செஞ்சதால பங்கு போயிடாது. நாளைக்கு அவங்க கேஸ் போட்டா, கோர்ட்டுக்கு அலையறது நான்தான். அதைவிட, எங்க அப்பா வீட்டை எங்கண்ணன் வித்தப்ப என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதே காரியத்துக்கு நான் காசு கொடுக்கிறதான்னு இருந்துச்சு.

மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் அட்வான்ஸ்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க, வேற ஆள் இருக்குன்னு மிரட்டினாங்க. கடைசியில அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பஸ் ஏறி பதிவாபீசுக்கு வந்தாங்க. அவங்க பங்கை அவங்கவங்க பேருல தனித்தனி செக்கா கொடுத்தோம். மூத்தவங்க செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

பத்திரம் என் பேருல. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1-லேருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பொம்பளைங்க பேருல பதிஞ்சா கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. எனக்கு 9,000 மிச்சம். "அதுக்காகவாவது உன் பேருலயே இருக்கட்டும்"னார் வீட்டுக்காரர்! பட்டாவும் மாத்தியாச்சு.

யாராவது அட்வான்ஸ் கொடுக்கப் போறீங்கன்னா, கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பரை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. தண்ணியும் குடிச்சுப் பார்க்கலாம்.