கைக்கடிகாரமும் உடற்பயிற்சிக் கணக்கும்

 

உடம்பை இறைவன் எழுந்தருளியிருக்கும் கோயிலாகக் கண்டவர் திருமூல நாயனார். அக்கோயிலைப் பேணும் பணியில் இன்று ஸ்மார்ட் கைக்கடிகாரமும் சேர்ந்துகொண்டது. அது எவ்வாறு கணக்கெடுக்கின்றது? நிரலெழுதப் புதிதாகக் கற்பவர் அதற்கு ஒரு செயலியை எங்ஙனம் ஆக்கலாம்? அக்கணக்கு யாருக்கு உரியது? இம்மூன்று கேள்விகளையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை ஒளி மின்னுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைய, திரும்பிவரும் ஒளி குறைந்து கூடும். அதிலிருந்தே இதயத்துடிப்புக் கணிக்கப்படுகின்றது. வார் தளர்ந்தாலும், கை விரைந்து ஆடினாலும் அக்கணக்குப் பிழைக்கலாம். எரிந்த கலோரி என்று காட்டும் எண்ணோ நேரடி அளவன்று. வயது, எடை, துடிப்பு முதலியவற்றைக் கொண்டு செய்யும் மதிப்பீடே ஆகும்.

இனி, செயலி ஆக்கும் வழியைப் பார்ப்போம். அப்பிள் கடிகாரத்துக்குச் சுவிஃப்ட் என்னும் நிரல்மொழியும், கூகிளின் வெயார் ஓஎஸ் கடிகாரங்களுக்குக் கொட்லின் மொழியும் வழங்குகின்றன. அண்ட்ராய்ட் ஸ்டூடியோ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. கணினித் திரையிலேயே ஒரு போலிக் கடிகாரத்தை அதில் இயக்கிப் பார்க்கலாம். ஆகவே, சொந்தமாகக் கடிகாரம் இல்லாதவரும் கற்கத் தொடங்கலாம்.

முதல் முயற்சிக்கு எதனை எடுக்கலாம்? பிள்ளையார் சந்நிதியில் நாம் இடும் தோப்புக்கரணத்தையே எடுக்கலாம் என்பேன். கை காதைப் பற்றியிருப்பதால், உடம்பு தாழ மணிக்கட்டும் தாழும். உடம்பு எழ அதுவும் எழும். கடிகாரத்துள் முடுக்கமானி என்னும் சிறு கருவி உண்டு. அசையாது நிற்கையில் அது புவியீர்ப்பின் அளவாகிய 9.8 என்னும் எண்ணை அண்டி நிற்கும். இறங்கத் தொடங்குகையில் அவ்வெண் குறையும். அடியிலிருந்து மேலெழத் திரும்புகையில் கூடும். ஒரு கீழெல்லைக்குக் குறைந்து, பின் ஒரு மேலெல்லையைத் தாண்டினால் ஒன்று என எண்ணச் செய்தல் வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளுக்கிடையே அரைச் செக்கனாவது கழிய வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால், சிறு நடுக்கங்கள் கணக்கில் ஏறா.

வேறு மூன்று விடயங்களையும் மறத்தலாகாது. முதலாவது, திரை சிறியது. தொடங்கு, நிறுத்து, முடி என்னும் பொத்தான்களே போதும். இரண்டாவது, கையைத் தாழ்த்தியதும் பற்றரியைச் சேமிக்கும் பொருட்டுக் கடிகாரம் செயலியை உறங்க வைத்துவிடும். ஆதலால், உடற்பயிற்சி நடைபெறுகின்றது என்று அதற்கு முறைப்படி அறிவித்தல் வேண்டும். மூன்றாவது, கணக்கை உடனுக்குடன் கடிகாரத்திலேயே எழுதிவைத்து, தொடர்பு கிடைத்தபின் தொலைபேசிக்கு அனுப்ப வேண்டும்.

கணக்கு யாருக்கு உரியது என்பதே கடைசிக் கேள்வி. முக்கியமான கேள்வியும் அதுவே. ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் தன் செயலியைப் பயன்படுத்துவோர் ஓடிய வழிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, 2017 நவம்பரில் ஓர் உலகப்படத்தை வெளியிட்டது. அதில் எவருடைய பெயரும் இல்லை. ஆயினும் பாலைநிலங்களில் மறைவாயிருந்த இராணுவ முகாம்களின் வடிவங்கள் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. 2018 சனவரியில் இதனை உலகறியச் செய்தவர் 20 வயதான ஓர் அவுஸ்திரேலிய மாணவர். படைமுகாமுக்கே இந்நிலை என்றால், நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே படலையிலிருந்து நடக்கப் புறப்படும் ஒரு சகோதரியின் நிலை என்ன? தோப்புக்கரணத்தை எண்ண இடம் அறியவேண்டியதில்லை. ஆதலின் இடத்தை அறியும் அனுமதியைக் கேளாதிருப்பதே செயலி ஆக்குவோனின் அறம்.

வளர்ந்தோர் வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் கொள்ளவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியது. அதனை நினைவூட்டக் கடிகாரம் நல்ல துணை. எனினும், வீதியில் அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியவருக்கு அடி எண்ணும் கருவி என்ன கணக்குச் சொல்லும்? தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் பெரியவரின் உழைப்பையும் அது முழுமையாக அறியாது. எண் குறைந்ததனால் உழைப்புக் குறைந்ததாகாது.

இளைஞர்களே, பிறர் ஆக்கியதை வாங்கி அணிவதோடு அமையாது, சிறியதொன்றையேனும் நாமே ஆக்கிப் பழகுவோம். அது பொய்க்கணக்குக் காட்டாததாகவும், பிறர் மறைவைக் காப்பதாகவும் இருக்கட்டும்.