குழாய்த் தண்ணீருக்குள் இருந்தது என்ன? கேம்ப் லெஜூன் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது கேம்ப் லெஜூன் பத்தி. அமெரிக்காவில் வட கரோலினா கடற்கரையில் இருக்கும் மரைன் படைத்தளம். வீரர்கள் மட்டுமில்ல, மனைவி, குழந்தைங்கன்னு குடும்பத்தோட குவார்ட்டர்ஸ்ல இருப்பாங்க. 1953-லிருந்து 1987 வரைக்கும் அங்கே குடிதண்ணீரில் ரசாயனம் கலந்திருந்தது. அந்த வருஷங்களில் அங்கே இருந்தவர்கள் பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது? டராவா டெரஸ் குடியிருப்புக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். தளத்துக்கு வெளியே இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையில் கறை எடுக்கப் பயன்படுத்திய பிசிஇ, மண்ணுக்குள் இறங்கி அந்தக் கிணற்றுக்குப் போய்விட்டது. ஹாட்நாட் பாயின்ட் பகுதியில், இயந்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் டிசிஇ. கூடவே கசிந்த எரிபொருள் டேங்குகளிலிருந்து பென்சீன். 1982-ல் அங்கே ஒரு குழாயில் எடுத்த தண்ணீரில் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் டிசிஇ. இன்றைக்கு அமெரிக்காவில் அனுமதி 5 வரைதான். குடிக்காம இருந்தா தப்பிச்சிரலாமான்னா, அதுவும் இல்ல. வெந்நீரில் குளித்தால் ஆவியாகி மூச்சுக்குள் போகும்.

இப்ப என்னைத் தூங்கவிடாத பகுதிக்கு வரேன். 1980-லேயே வேறொரு பரிசோதனைக்காகத் தண்ணீரைப் பார்த்த லேப், ஏதோ கரைப்பான் கலந்து ரீடிங்கைக் குழப்புதுன்னு எச்சரித்தது. 1982-ல் இன்னொரு லேப் ரசாயனங்களின் பெயரையே சொன்னது. மோசமான கிணறுகளை மூடியது 1984 கடைசியிலும் 1985 தொடக்கத்திலும். லாக்ல வார்னிங் கொட்டுது, யாரும் டிக்கெட் போடல! இன்னொன்னு, கிணறுகளை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கெட்ட கிணறு ஓடாத நாளில் சாம்பிள் எடுத்தால் ரிசல்ட் பரவாயில்லை என்று வரும். விட்டு விட்டு வர்ற பக்கைத் தேடினவங்களுக்கு இது புரியும். ஆனா இங்க யூசர், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்.

ஜெர்ரி என்ஸ்மிங்கர் மரைன் படையில் மாஸ்டர் சார்ஜென்ட்டாக இருந்தவர். மகள் ஜேனி வயிற்றில் இருந்தபோது குடும்பம் அங்கே இருந்தது. அவளுக்கு ரத்தப் புற்றுநோய். 1985-ல், ஒன்பது வயதில் இறந்தாள். ஏன் என் பொண்ணுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தவருக்குப் பதில் கிடைச்சது 1997-ல், டிவி நியூஸ்ல. பன்னிரண்டு வருஷம் கழிச்சு. வேலை பார்த்த இடம் கூப்பிட்டுச் சொல்லல.

அங்கே இருந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் 2012 சட்டத்துக்கு ஜேனியின் பெயர்தான். 2023-ல் வந்த ஆய்வு, கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் இருந்தவர்களைவிட லெஜூன்காரர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து 70 சதவீதம் அதிகம் என்றது. 2022 சட்டம் இழப்பீடு கேட்க வழி திறந்து, இரண்டு வருஷம் கெடு வைத்தது. வந்த மனுக்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருத்தரும் காட்ட வேண்டியது, அங்கே குறைந்தது 30 நாள் இருந்ததுக்கான ஆதாரம். எழுபதுகள்ல குடியிருந்த குவார்ட்டர்ஸோட பேப்பரை இப்போ தேடிட்டு இருக்காங்க.