புல்லும் வாழை மட்டையும் காகிதமாகும்

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்திலே ஒரு அக்கா கேட்டாங்க: "தார் வெட்டின பிறகு வாழை மட்டையெல்லாம் வரப்பிலேயே அழுகுது. இதுல காகிதம் செய்யலாம்னு சொல்றீங்களே, நாலு காசு நிக்குமா?" நியாயமான கேள்வி. அதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

காகிதத்துக்கு மரம்தான் வேண்டும் என்பதில்லை. நார் இருந்தால் போதும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டதுதான். நாம் செய்யப்போவது கைக்காகிதம்.

வாழை மட்டையோ நாணலோ புல்லோ, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் வேக வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அரித்துவிடும். எவர்சில்வர் அண்டா வேண்டும். கையுறை அவசியம். இழுத்தால் நார் பிரிந்து வருவதுதான் பதம். வழவழப்பு போகும்வரை அலசி, இடித்துக் கூழாக்கி, தொட்டித் தண்ணீரில் கலக்குங்கள். சல்லடைச் சட்டத்தால் அள்ளினால் தண்ணீர் வடிந்து நார் படியும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்திப் பிழிந்து காயவைத்தால் காகிதம்.

தரத்துக்கு மூன்று விஷயம். ஒன்று, புல் நார் குட்டையானது. வாழை நாரோ பருத்தித் துணிக் கழிவோ சேர்த்தால்தான் உறுதி வரும். இரண்டு, வேக்காடு குறைந்தால் லிக்னின் என்ற பொருள் தங்கி, தாள் சீக்கிரம் மஞ்சளாகும். மூன்று, காய்ந்த தாளில் கஞ்சி பூசித் தேய்க்காவிட்டால் மை ஊறும்.

முன்பு ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தப்போ, இந்தக் கஞ்சி விஷயத்தை நான் சரியாச் சொல்லித் தரல. அழைப்பிதழ் முழுசும் மை ஊறித் திரும்பி வந்துச்சு. பன்னிரண்டு பேர் உழைப்பு வீண். அது அவங்க தப்பில்ல, என் தப்பு.

அதனால, எடுத்தவுடனே இயந்திரத்துக்குக் கடன் கேட்காதீங்க. முதலில் ஐம்பது தாள் செய்து, அச்சகத்தில் கொடுத்து அச்சடித்துப் பாருங்கள், விலை கேளுங்கள். மட்டை சும்மா கிடைக்குதேன்னு நம்ம கூலியைச் சும்மா விடாதீங்க. விறகு, சோடா, ஆளுக்கு ஒரு நாள் கூலி எல்லாம் நோட்டில் ஏறணும். சோடாத் தண்ணீரைக் கிணற்றோரம் கொட்டக் கூடாது.

அந்த அக்காவுக்கு என் பதில் இதுதான்: கணக்கு நின்னா காசும் நிக்கும். கணக்கு நின்ன பிறகு கடன் பற்றிப் பேசுவோம்.