நாடிகளைக் காக்கும் ஒரு நொதியம்



குருதிப் பரிசோதனை அறிக்கையைக் கையிற் பெறுவோர் இந்நாளில் இரண்டு இலக்கங்களையே முதலில் தேடுகின்றனர். ஒன்று கெட்ட கொலஸ்திரோலின் அளவு. மற்றது நல்ல கொலஸ்திரோலின் அளவு. நல்லது உயர்ந்திருக்கக் கண்டால் மனம் ஆறுதல் அடைகின்றது. அந்த ஆறுதலுக்கு எவ்வளவு ஆதாரம் உண்டென்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

கொலஸ்திரோலில் நல்லது கெட்டது என்று இரு சாதி இல்லை. பொருள் ஒன்றே, அதனைச் சுமக்கும் ஊர்திகளே வேறு. கொழுப்பு நீரிற் கரையாதாகையால், புரதத்துடன் சேர்ந்த நுண்ணிய துணிக்கைகளாகவே குருதியிற் செல்கின்றது. அடர்த்தி குறைந்த துணிக்கைகள் கொலஸ்திரோலை உடலெங்கும் கொண்டுசெல்ல, அடர்த்தி கூடியவை எஞ்சியதை ஈரலுக்கு மீட்டுக்கொணர்கின்றன.

அடர்த்தி குறைந்தவை மிகுந்துவிட்டால், அவற்றுட் பல நாடிச் சுவரின் உட்படையினுள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அங்கே ஒட்சியேற்றத்துக்கு ஆளாகின்றன. நாட்பட்ட எண்ணெயிற் காறல் வாடை எழுவதை எல்லோரும் அறிவர். ஏறக்குறைய அதே மாற்றம் நாடிச் சுவருள்ளும் நிகழ்கின்றது. அங்குள்ள விழுங்கு கலங்கள் காறிய கொழுப்பை அளவின்றி விழுங்கி, நுரை நிறைந்தாற்போன்ற தோற்றம் பெற்று, அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றன. இவை குவியக் குவிய நாடி தடிக்கின்றது. இருதய நாடியொன்றில் தடித்த இடம் வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து வழியை அடைத்தால், அதுவே மாரடைப்பு.

இக்காறலைத் தடுப்பவற்றுள் ஒன்று, அடர்த்தி கூடிய துணிக்கையின்மேல் ஒட்டிச் செல்லும் பரவொட்சோனேசு என்னும் நொதியமாகும். இது ஈரலில் உருவாகின்றது; தொழிற்படக் கல்சியம் வேண்டும். இதன் வரலாறு விந்தையானது. இதனை முதலில் இனங்கண்டவர்கள் இருதய வைத்தியர்கள் அல்லர், நஞ்சுகளை ஆராய்ந்தவர்கள். பரத்தியோன் என்ற பூச்சிகொல்லி உடலுட் சென்றதும் பரவொட்சோன் என்னும் கொடிய நஞ்சாகின்றது. அந்நஞ்சைப் பிளக்கும் நொதியமொன்று குருதியில் இருப்பதை 1953 ஆம் ஆண்டில் ஓல்ட்ரிட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். நொதியத்துக்கும் நஞ்சின் பெயரே வந்தது. ஆனால், வேறு சில பூச்சிகொல்லிகளின் நஞ்சுக்கு எதிராக நல்ல காவலாய் விளங்கும் இந்நொதியம், தனக்குப் பெயர் தந்த பரவொட்சோனை உயிருள்ள உடலில் அத்துணை தடுப்பதில்லை என்று பின்னர் எலிகளைக்கொண்டு நடத்திய சோதனைகள் காட்டின. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மனிதன் செய்த பூச்சிகொல்லிகள் தோன்றுமுன்னரே இந்நொதியம் இருந்ததாகையால், இதற்கு வேறொரு தொழில் இருந்திருக்க வேண்டுமன்றோ? 1991 ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் நகரில் மக்னெஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும் அதற்கு விடை தேடினர். அடர்த்தி குறைந்த துணிக்கைகளுடன் இந்நொதியத்தைச் சேர்த்தபோது, ஒட்சியேறிய கொழுப்பு அவற்றிற் குவிவது குறைந்தது. 1998 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், இந்நொதியம் இல்லாத எலிகளை உண்டாக்கி, அவற்றுக்குக் கொழுப்பு மிக்க உணவைக் கொடுத்தார்கள். ஏனைய எலிகளிலும் பார்க்க அவற்றின் நாடிகளிற் படிவு அதிகமாக இருந்தது. அவற்றின் குருதியில் அடர்த்தி கூடிய துணிக்கைகள் இல்லாமலில்லை. ஆனால் அத்துணிக்கைகளாற் காறலைத் தடுக்க முடியவில்லை. ஊர்தி இருந்தது, காவலன் இல்லை.

2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வையும் இங்கே சொல்லத் தோன்றுகின்றது. திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு முதலிய கடல்வாழ் பாலூட்டிகளிடம் இந்நொதியத்தின் மரபணு பழுதுபட்டுக் கிடக்கின்றது. நிலத்தை விட்டுக் கடல் புகுந்த வெவ்வேறு குலங்கள் அதனைத் தனித்தனியே இழந்துள்ளன. வயல்களிலிருந்து சில பூச்சிகொல்லிகள் கடலிற் கலந்தால் அவற்றுக்குத் தற்காப்புக் குறைவு. எமது மன்னார்க் கடலில் மேயும் ஆவுளியாவும் அவ்வினத்ததே.

இனி அறிக்கையிலுள்ள இலக்கத்துக்கு வருவோம். அது அடர்த்தி கூடிய துணிக்கைகள் சுமக்கும் கொலஸ்திரோலின் அளவையே சொல்லும். அவற்றிலுள்ள நொதியத்தின் வீரியத்தைச் சொல்லாது. புகைபிடிப்போரிடமும் நீரிழிவு நோயாளரிடமும் அவ்வீரியம் குறைந்திருப்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். இலக்கத்தை மட்டும் உயர்த்தினாற் போதுமா என்பது ஒரு பெருஞ் சோதனையில் வெளிப்பட்டது. ரோர்செற்றாபிப் என்னும் மருந்து நல்ல கொலஸ்திரோலை 72 வீதம் உயர்த்தியது. ஆயினும் அதனை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடினமையால் 2006 டிசெம்பரிற் சோதனை நிறுத்தப்பட்டது. அம்மருந்து குருதியமுக்கத்தையும் உயர்த்தியது உண்மை. ஆகவே பழி முழுவதையும் ஒரே காரணத்தின்மேற் சுமத்தல் நியாயமன்று. எனினும் இலக்கம் உயர்ந்ததனால் நாடி காக்கப்படவில்லை.

ஒட்சியேற்றத்தைத் தடுப்பதற்கென்று விற்றமின் ஈ மாத்திரைகளை வாங்கி விழுங்குவோரும் பலர். 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிலே, இருதய நோய்க்கு ஆளாகக்கூடிய 9,000 இற்கும் மேற்பட்டோர் நாலரை ஆண்டுகள் வரை பங்குபற்றினர். மாரடைப்பு அம்மாத்திரையாற் குறையவில்லை. நொதியம் துணிக்கையோடு ஒட்டிநின்று செய்யும் வேலையைப் புட்டியிலடைத்த விற்றமின் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது, என் எண்ணத்தில், அவசரப்பட்ட நம்பிக்கையே.

நொதியத்தின் வீரியத்தை அளக்கும் முறைகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஆய்வுகூடங்களுக்கு உரியவை, சாதாரண வைத்தியசாலைப் பரிசோதனையில் இடம்பெறுவதில்லை. ஆகவே வைத்தியர் கெட்ட கொலஸ்திரோலைக் குறைப்பதிலேயே கருத்தாயிருக்கின்றார். 1994 ஆம் ஆண்டில் முடிவு வெளியான, ஸ்கந்திநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளரிடையே நடந்த சோதனையில், சிம்வாஸ்ரற்றின் என்னும் மருந்து மரணங்களை ஏறக்குறைய 30 வீதம் குறைத்தது. நல்ல கொலஸ்திரோல் உயர்ந்திருக்கின்றதே என்று எண்ணி இத்தகைய மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவோர், நிறுத்துமுன் தம் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.